எந்த லேன்?

நீச்சல்குள கேலரியில் நகம் கடித்துக்கொண்டிருந்தவரிடம் பக்கத்து இருக்கைப் பெண்மணி கேட்டார்.

"உங்க பிள்ளையும் வந்திருக்கா?"

"பொண்ணு. இன்னிக்குத்தான் முதல் தடவை."

பந்தயம் முடிந்தது. பெண்மணியின் மகள் மூன்றாவது லேனில் முதலில் வந்தும், ஸ்கோர்போர்டில் அவளுக்கு நேரமே விழவில்லை.

"என் பொண்ணுதானே முதல்ல தொட்டா?" என்று பதறினார்.

"மெதுவா தொட்டிருப்பா, சுவர்ல இருக்கிற டச்பேட்ல பதியல. கரையில நிக்கிறவங்க பட்டன் அழுத்தின நேரம் கம்ப்யூட்டர்ல இருக்கும். பொறுங்க."

சொன்னவருக்கும் வியர்த்தது.

ஸ்கோர்போர்டு மாறியது. மூன்றாவது லேன், முதலிடம். பெண்மணி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"பதட்டத்துல கேக்கவே இல்ல. உங்க பொண்ணு எந்த லேன்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, குளக்கரை மேஜையைக் காட்டினார்.

"அதோ, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து உங்க பொண்ணோட நேரத்தைத் தேடி எடுத்தாளே, அவதான்."