வண்டிக்கு அடியில்

"மாப்பிள்ளை, வண்டிக்கு அடியில துருப்பிடிக்காம கோட்டிங் அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சு மாமா."

மாமனார் கொடுத்த பழைய கார். ஆறு வருடமாக அதே கேள்வி, அதே பொய்.

வருடாவருடம் மழைக்கு முன் அவர் வந்து ஒரு வாரம் தங்குவார். ஒருநாள் மட்டும் நண்பரைப் பார்க்க வேண்டும் என்று காரை எடுத்துப்போய், சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்.

"அங்க என்ன மாமா, குஸ்தியா?" என்று இவன் கிண்டலடிப்பான்.

இந்த வருடம் இடுப்பில் ஆபரேஷன். வரவில்லை.

"அப்பாவைப் பாக்க, பாப்பாவோட நானே கார்ல போறேன்" என்றாள் மனைவி. இவனுக்கு ஆறு வருடப் பொய் நினைவுக்கு வந்தது. வழியில் அடித்தகடு பிய்ந்து விழுந்தால்?

மறுநாளே தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். மெக்கானிக் டார்ச்சோடு அடியில் புகுந்தார்.

"ரொம்ப மோசமாங்க?"

"பொட்டு துரு இல்ல சார்."

"நான் ஒரு தடவைகூட கோட்டிங் அடிக்கலியே!"

மெக்கானிக் வெளியே வந்து நம்பரைப் பார்த்தார். "அட, பெரியவர் வண்டி! வருஷாவருஷம் இங்கதான் வருவார். எங்களைத் தொடவிட மாட்டார். நாள் முழுக்க மல்லாந்து படுத்து, தேய்ச்சு, அவரே அடிப்பார். 'மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவார்'னு வேற சொல்வார்."

இவன் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தான். படுத்தபடியே மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, கோட்டிங் இன்னும் அடிக்கல. இப்பத்தான் அடிக்கப்போறேன்."



"இடுப்புக்குக் கீழ ஒரு தலகாணி வெச்சுக்குங்க மாப்பிள்ளை."