எத்தனையாவது சத்தியம்

“இது எத்தனையாவது சத்தியம்னு எனக்கே தெரியாது. மாரியம்மன் மேல வேணாம். இந்தா, புள்ள தலையில அடிச்சுச் சொல்லுய்யா, இனிமே குடிக்க மாட்டேன்னு. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்” என்றாள் அம்மாக்கண்ணு.

பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள். கையில் துணிமூட்டை, இடுப்பில் பூரணி. அவன் சொன்னால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். சொல்லாவிட்டால் நோட்டன் பிரிட்ஜில் அண்ணன் வீடு.

அவள் புருஷன் பழனியாண்டி பஸ் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சத்தியம் பண்ணுவது அவனுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. கோயில் வாசலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சொல்வான். கங்காணி காலைத் தொட்டுச் சொல்வான். சம்பளத்தன்று ஹட்டன் சாராயக்கடையில் கிடப்பான். மானங்கெட்ட ஜென்மம்!

‘இது எத்தனையாவது?’ தோட்டமே கேட்டுச் சலித்த கேள்விதான் அது. கடைக்கார அப்புஹாமியும் தன் சிங்களத்தில் “கீவெனி பாரத?” என்று அதையேதான் கேட்டுச் சிரிப்பார். இங்கிலீஷில் அதை ஒரே சொல்லில் கேட்க முடியாது என்பார் கிளாக்கரய்யா. அதனாலோ என்னவோ, துரை மட்டும் “மறுபடியுமா?” என்பதோடு விட்டுவிடுவார்.

அம்மாக்கண்ணு பிள்ளையை அவன் முன்னால் நீட்டினாள். அது சிரித்துக்கொண்டு அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தது.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பஸ் வந்து நின்றது.

“பொய்யாவாச்சும் சொல்லேன்யா, நம்பிட்டு வர்றேன்.” அவள் அழுதேவிட்டாள்.

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

அவள் காறித் துப்பிவிட்டு ஏறினாள். பெண்டாட்டி பிள்ளையைவிடக் குடிதான் பெரிதாகப் போய்விட்டது இவனுக்கு என்று கடையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் காதில் விழத்தான் பேசினார்கள்.

அம்மாக்கண்ணுக்குத் தெரியாத சத்தியம் ஒன்று உண்டு.

போன வருஷம், மூத்தவள் மீனம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல் அவனாகவே அவள் தலையில் கை வைத்துச் சொன்னது. அந்தச் சம்பளத்துக்கே குடித்தான். மறுவாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். உயிரோடு திரும்பவில்லை அவள்.

நான்தான் கொன்றேன் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. குடியை விட்டுவிடுவோம் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இல்லை.

அன்றிலிருந்து பூரணியின் தலையை அவன் ஒருதரம்கூடத் தடவிக் கொடுத்ததில்லை.