வலது கை

கிட்டார் மீட்டும் பிக் மறுபடியும் விரலிலிருந்து நழுவி விழுந்தது.

அவர் குனிந்து எடுத்தார். வலது கை முட்டிகள் வீங்கியிருந்தன. நடுவிரல் முட்டியில் தோல் பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"அடிக்கிறீங்க சார்," என்றாள் ஃப்ளாவியா. "கம்பியைப் போட்டு அடிக்கக் கூடாது. மணிக்கட்டைத் தளர விடுங்க."

பல வருஷம் பயணக் கப்பல்களில் கிட்டார் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவள். மாடி அறையில் சொல்லிக்கொடுக்கிறாள்.

பீபாப் மெட்டு. ஜாஸிலேயே தலைதெறிக்க ஓடுவது. தட்டு விழும் இடத்தில் அழுத்தாமல், இரண்டு தட்டுக்கும் நடுவே அழுத்த வேண்டும். சுரங்கள் ஒன்றையொன்று துரத்தும், முந்தும், திடீரென்று திரும்பும். ஒன்றின் மேல் ஒன்று மோதாது.

அதற்காகத்தான் வருகிறார்.

இங்கே அவர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அப்படித்தான் சொல்லியிருந்தார். படியேறி வரும்போது யாரும் பதறி எழுந்து நிற்பதில்லை. தப்பாக வாசித்தால் திட்டு விழுகிறது. வாரத்தில் இந்த ஒரு மணி நேரம் அவர் இன்ஸ்பெக்டர் இல்லை.

தாளம் தட்டும் மெட்ரோனோமை அவள் முடுக்கிவிட்டாள்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரி மேலிருந்து சரசரவென்று இறங்குவது. பிக்கை மேல்நோக்கி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் முட்டியில் சுள்ளென்றது.

வலியோடு நேற்றும் வந்தது.

ஊர்வலத்தில் தகராறு. லத்தி சுழன்றதை ஒரு பையன் போனில் படம் பிடித்துவிட்டான். ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்கள். அவன் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்டது போனின் பூட்டு எண்ணை.

சொல்லவில்லை.

அறைந்தார்.

சொல்லவில்லை. கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் பொறுக்கவில்லை. கன்னத்துக்கு ஓங்கிய அறை காதில் பட்டது. பிறகு கை தானாக மடங்கிக்கொண்டது. வாயில் குத்தினார். பல் முட்டியில் ஏறியது. வலித்தது. வலித்ததற்காக இன்னும் குத்தினார். ஏட்டு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை.

சுவரோரம் குந்தச் சொன்னார். தலைமேல் கையை வைக்கச் சொன்னார். பிறகு சாப்பிடப் போய்விட்டார்.

எழச் சொல்ல மறந்துபோனார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

கம்பிகளுக்குக் கீழே, கிட்டாரின் மரத்தில் புது ரத்தம்.

"என்ன சார் இது, கையில?"

"வண்டியில விழுந்துட்டேன்."

"முதல்லயே சொல்லக் கூடாதா? நான் வேற போட்டு வதைக்கேன்." உள்ளே திரும்பினாள். "டெரன்ஸ்! ஐஸ் எடுத்துட்டு வா!"

பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"என் தம்பிதான் சார். ஒரு காது சுத்தமா கேக்கல. நேத்து ஸ்டேஷன்ல வச்சு அடிச்சிருக்கானுவ. செவிப்பறை கிழிஞ்சிட்டுன்னு டாக்டர் சொல்றாரு. இன்னொண்ணும் மந்தமாத்தான் கேக்கு. கேஸ் போட வக்கீலப் பாத்திருக்கோம்."

அவர் கிட்டாரை மடியிலிருந்து இறக்கினார்.

"ஐஸ் வேண்டாம்மா. நான் கிளம்புறேன்."

"இருங்க சார். இந்தக் கையோட எப்படி வண்டி ஓட்டுவீங்க?"

பையன் ஐஸ் தட்டோடு வந்தான். இடது காதில் பஞ்சு. உதட்டில் தையல்.

பார்த்தான்.

தட்டு விழுந்தது. ஐஸ் கட்டிகள் தரையெங்கும் சிதறி ஓடின.

அவன் ஓடவில்லை. கத்தவில்லை. சுவரோரம் போய்க் குந்தினான். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான்.

ஃப்ளாவியா சிரிக்கப் போனாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்தக் கண்கள் போன திசையில் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, அவர் கையை.

மெட்ரோனோம் அடித்துக்கொண்டிருந்தது.

தம்பியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். உடம்பு இறுகிக் கிடந்தது. அவன் எழவில்லை. மறுபடி தூக்கினாள். அவன் அவரையே பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

"எந்திரிக்கச் சொல்லுங்க," என்றாள்.

"ஃப்ளாவியா, நான்..."

"சொல்லுங்க."

"எந்திரிப்பா."

அவனுக்குக் கேட்கவில்லை.

"சத்தமா."

மறுபடி சொன்னார். அதே தணிந்த குரல்தான். பையன் தலைமேல் இருந்த கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். இந்த வீடு அதுவரை கேட்டிராத குரல் வந்தது.

"எந்திரிடா!"

பையன் துள்ளி எழுந்து விறைத்து நின்றான். கால்சட்டை நனைந்து, பாதத்தடியில் ஈரம் பரவியது.

அவள் அவனைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறதென்று பையனுக்குத் தெரியவில்லை. அவன் பேசியது தெருவரை கேட்டது.

"அவருதான்க்கா. அவரேதான்."

கொஞ்ச நேரம் கழித்து ஃப்ளாவியாவின் குரல். போனில் பேசினாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"ஆமா வக்கீல் சார். இங்கதான். என் வீட்லதான் உக்காந்திருக்காரு."

மாடிப்படிக் கதவு திறந்தே இருந்தது. வண்டிச் சாவி சட்டைப் பையில் இருந்தது. கீழே ஐந்தாறு பேர் கூடி அண்ணாந்து பார்ப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

மெட்ரோனோமை நிறுத்தக் கை நீட்டினார். விரல்கள் மடங்கவில்லை.

அது அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.