ரப்பர்க் கொழுப்பு

உடற்பயிற்சிக் கூடத்து மேசைமேல் மஞ்சள் ரப்பரில் செய்த கொழுப்புக் கட்டி ஒன்று கிடக்கிறது. அசல் கொழுப்பு இப்படித்தான் இருக்குமாம். வருகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவி அது பிசுபிசுத்துக் கிடக்கிறது. யாருடைய முடியோ ஒன்று அதில் ஒட்டியிருக்கிறது. மாஸ்டர் அதைத் தூக்கி, எதிரே உட்கார்ந்திருக்கும் பேருந்து ஓட்டுநரின் மடியில் வைக்கிறார். "இந்த மாதிரி எட்டு உங்க உடம்புல இருக்குண்ணே." ஓட்டுநர் நெளிகிறார். மூன்று மாதத்தில் இளைக்காவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது, எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாஸ்டர் விரலை நக்கி நக்கிப் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் எச்சில் பளபளக்கிறது. எரிமலை, சூறாவளி, சிங்கப் பாய்ச்சல் என்று பக்கத்துக்கு ஒரு பயிற்சித் திட்டம். "இதுல எதைத் தூக்கணும் தம்பி?" "தூக்குறது கிடக்கட்டும்ணே, சிங்கம் எடுத்தா பனியன் இலவசம்." கடைசிப் பக்கத்தில் பெயரே இல்லாமல் ஒன்று இருக்கிறது: வாரம் மூன்று நாள், எடையோடு உட்கார்ந்து எழுவது, தூக்குவது, தள்ளுவது, வாராவாரம் கொஞ்சம் எடை கூட்டுவது. ஓட்டுநரின் தடித்த விரல் எச்சில் ஈரத்தை ஒதுக்கிக்கொண்டு போய் அங்கே ஊன்றுகிறது. "அதுவா?" செத்த எலியைப் பார்த்ததுபோல மாஸ்டர் மூக்கைச் சுளிக்கிறார். "உங்க இஷ்டம். சட்டையைக் கழட்டுங்க, சேரும்போது ஒரு போட்டோ எடுக்கணும்." குழல்விளக்கு வெளிச்சத்தில் ஓட்டுநர் கூசி நிற்கிறார். மாஸ்டர் தன் வயிற்றை எக்கிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். "வயித்தை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கண்ணே, அப்பத்தான் இளைச்ச பின்னாடி வித்தியாசம் தெரியும்."

"வேலை போறதுக்கு இதுவே போதும் தம்பி. எடுங்க."