நாலு செகண்ட்

“பதினோரு செகண்ட் எங்கே, ஏழு செகண்ட் எங்கே? இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?”

ஸ்வாதி தாளை மேஜையில் வைத்தாள். மதுரைக்காரி. ஓசூரில் ஷாஃப்ட் செய்யும் இந்தக் கம்பெனிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

செய்த ஷாஃப்ட்டை அளந்து பார்க்க அங்கே ஒரு மெஷின் உண்டு. அதை ஓட்டும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸுக்கு முந்தைய காலத்து டாஸ்தான். கஸ்டமர் அளவை மாற்றிவிட்டார். அதனால் புரோகிராமைத் திருத்தி, மெஷினுக்குப் புரியும்படி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டாஸுக்கு எந்தக் கம்பைலர் நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்வது ஸ்வாதியின் வேலை.

பழையது, காலேஜ் லேபில் எல்லோரையும் அழவைத்த அந்த நீலத்திரைக் கம்பைலர். ஒரே ஃபிளாப்பியில் அடங்கிவிடும். தப்பு எங்கே என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது. இன்னொன்று புதுசு, டாஸை விட மனசில்லாத யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் இலவசமாகக் கொடுப்பது. ஸ்வாதி இரண்டிலும் கம்பைல் செய்து, சாப்பாட்டு நேரத்தில் தானே ஷாஃப்ட்டை எடுத்து வைத்து ஓட்டியும் பார்த்துவிட்டாள். பழையதில் பீஸுக்குப் பதினோரு செகண்ட், புதியதில் ஏழு.

“புதுசு மட்டும் எப்படிம்மா இவ்ளோ வேகம்?” என்றார் சென்னகிருஷ்ணன், புரொடக்‌ஷன் மேனேஜர்.

“அது விவரமானது சார். வெட்டி வேலை எதுவும் இருந்தா அதுவே தூக்கிப் போட்டுரும். நம்ம புரோகிராம்ல ஒரு லூப் இருக்கு. ஒண்ணு ரெண்டுன்னு சும்மா எண்ணிக்கிட்டே இருக்கு, எண்ணி ஒண்ணும் பண்ணலை, அதுவரைக்கும் மெஷின் காத்துக்கிட்டு நிக்குது. எந்த மகராசன் எழுதினானோ!”

சென்னகிருஷ்ணன் மகராசனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“பழசுலயே போட்ருங்க.”

ஸ்வாதிக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனா இப்படிச் சொல்வது? கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தாலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு லைன் முழுக்கச் சுற்றுகிறவர். டீ பிரேக்கில் இரண்டு நிமிஷத்தைப் பிடுங்கியவர். போன வாரம் அவள் பிரிண்டர் பக்கத்தில் நின்றதற்கே, “இங்க என்னம்மா வேடிக்கை?” என்று விரட்டியவர். அவர்தான் பீஸுக்கு நாலு செகண்டைத் தண்ணீராய் இறைக்கச் சொல்கிறார்!

அந்த மகராசனே இவர்தான், தன் தப்பு வெளியே தெரியக் கூடாதென்று மழுப்புகிறார் என்று ஸ்வாதி முடிவே கட்டிவிட்டாள். லைனிலேயே ஓட்டிக் காட்டி மனுஷனை மடக்குகிறேன் என்று, புதிய கம்பைலரில் செய்ததை ஏற்றிக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.

மெஷினில் பூவம்மாள் இருந்தாள். குந்தாரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற காண்ட்ராக்ட் ஆள். பதினோரு வருஷமாக இதே மெஷின். ஷாஃப்ட்டை எடுத்து வைக்க வேண்டும், மெஷின் இறங்கி அளக்கும், பச்சை விளக்கு எரியும், பிறகு அடுத்தது. வைக்கத் தாமதமானால் சிவப்பு எரிந்து ஆளின் பெயரில் பதிவாகிவிடும்.

முதல் பீஸ் பச்சை. இரண்டாவதை அவள் எடுத்து வைப்பதற்குள் மெஷின் இறங்கிவிட்டது. சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. நாலாவது, கை நழுவி டிரேயில் விழுந்தது.

“என்ன கண்ணு, மெஷினுக்குப் பேய் புடிச்சிருச்சா?” என்று சிரிக்கப் பார்த்தாள் பூவம்மாள். சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் ஸ்வாதி அவளுடைய வலது கையைப் பார்த்தாள். மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. மூன்று விரல்கள் மடங்கவே இல்லை.

“எப்பலேர்ந்துக்கா இப்படி?”

“சிக்குன்குனியா வந்து ரெண்டு வருசமாச்சு கண்ணு. காய்ச்சல் போயிருச்சு, இது போவல. வேற மெஷினுக்குப் போனா எனக்கு ஓடாது. இது ஒண்ணுதான் என் கைக்குத் தோதா நிதானமா ஓடிட்டிருந்துச்சு.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சார்கிட்ட மட்டும் சொல்லிராத கண்ணு. அந்த வாட்ச்சுக்காரருக்குத் தெரிஞ்சா நாளைக்கே என்னை நிறுத்திருவாரு. பொண்ணு இப்பத்தான் நர்ஸிங் ரெண்டாவது வருசம்.”

ஸ்வாதி பழைய கம்பைலரில் செய்ததையே திரும்ப ஏற்றினாள். பூவம்மாள் ஷாஃப்ட்டை எடுத்தாள், வைத்தாள். பச்சை. மறுபடியும் பச்சை. அந்த முகம் தெளிவதைப் பார்த்துக்கொண்டே, லூப்பைச் சேர்த்த ஃபைலின் தேதியைத் தேடினாள். சரியாக இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாள், ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கே லீவு.

ஆபீஸுக்கு வந்து, ‘பழைய கம்பைலரே நல்லது’ என்று எழுதி நீட்டினாள். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“சாரி சார். மகராசன்னு கிண்டல் பண்ணிட்டேன்.”

சென்னகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“அந்த நாலு செகண்டை வேற எங்கியாச்சும் புடிச்சாவணுமில்லம்மா? அதுக்குத்தான் உங்க எல்லாரையும் வெரட்டறேன்.”

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“பூவம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தன்னால லைன் லேட்டாவுதுன்னு தெரிஞ்சா, அந்தம்மா நாளைக்கே தானா நின்னுரும்.”