மண்புழுவும் மரியாதையும்

மலைமேல் இருக்கும் அந்த ஏரியில் மார்கழி பிறந்துவிட்டால் மீன்களுக்கு உடம்பு வணங்காது. கரையில் மஃப்ளர் கட்டிய தூண்டில்காரர்கள் விடிந்ததிலிருந்து சும்மாவே உட்கார்ந்திருந்தார்கள். அடியில், சேற்றில் வயிற்றை வைத்துக் கெண்டை படுத்திருந்தது. பக்கத்திலேயே விரால். வெயில் ஏறித் தண்ணீர் சற்றுச் சூடானால்தான் இரண்டும் துடுப்பை அசைக்கும்.

அப்போது ஒரு மண்புழு மேலிருந்து இறங்கி, இரண்டுக்கும் நடுவில் தொங்கி நெளிந்தது. கெண்டைக்கு நல்ல பசி. ஆனால் அதற்காக ஒரு சாண் நகர வேண்டுமே!

“நீங்க சாப்பிடுங்கண்ணே,” என்றது கெண்டை.

“சேச்சே, உங்க பக்கம்தானே தொங்குது. நீங்க சாப்பிடுங்க,” என்றது விரால்.

“உங்களை விட்டுட்டு நான் எப்படி?”

இப்படி உபசாரம் நடந்துகொண்டிருக்கையில், பாறை இடுக்கிலிருந்து கெளுத்தி வந்து புழுவை லபக்கென்று விழுங்கியது. மறுகணம் அதன் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. வாலை அடித்து, உடம்பை முறுக்கி, வெளிச்சத்தை நோக்கி விறுவிறுவென்று ஏறி மறைந்தது. கரையில் பலமாகக் கைதட்டினார்கள்.

கெண்டைக்கு மனசு பொறுக்கவில்லை.

“பார்த்தீங்களா அண்ணே, நம்மளை ஒரு வார்த்தை கேட்டானா? மேலே போயிட்டான். கைதட்டல் வேற!”

“நாம மரியாதை பார்த்தே கெட்டோம்,” என்றது விரால்.

சற்று நேரத்தில் இன்னொரு புழு இறங்கியது. இந்தத் தடவை கெண்டை யாரையும் கேட்கவில்லை.