முந்திக்கொண்ட டிரம்

நியூசிலாந்தின் டனீடின் நகரில் இசைத்தட்டுக் கடைக் கண்ணாடியின் மேல் சாயங்கால வெயில் சாய்ந்திருக்கிறது. உறை பிரித்த புதுத் தட்டு சுழல்கிறது. முப்பது வருடத்துக்கு முன் கார் கொட்டகையில் ஒரு சின்ன இசைக்குழு தானே கேசட்டில் பதிவு செய்த துள்ளல் பாட்டுகள் எல்லாம் இப்போது அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. பஸ் ஓட்டும் சீருடையோடு வந்து நிற்கும் மர்ரே, அன்றைய டிரம்மர், அட்டையைப் பார்க்காமல் ஊசியையே பார்க்கிறார். “என் தப்பை வெட்டிட்டீங்கதானே, க்ளெனிஸ்?” “வாயை மூடிட்டுக் கேளுடா,” என்கிறார் அதே குழுவின் பாடகி, ஆறிப்போன காபியோடு.

கிட்டார் கணீரென்று எழுகிறது, குரல்கள் ஏறுகின்றன. பல்லவிக்கு ஒரு தாளம் முன்னாலேயே டிரம் தடாலென்று விழுகிறது, அன்று விழுந்த மாதிரியே. அதைக் கேட்டுத் தடுமாறிய க்ளெனிஸின் சிரிப்பும் பாட்டுக்குள் அப்படியே இருக்கிறது. மர்ரேயின் காது சிவக்கிறது. அதே நொடியில், கல்லாவில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் உள்ளங்கையும் மேசையில் விழுகிறது, அவரைப் போலவே முந்திக்கொண்டு. “உனக்கு எப்படிம்மா தெரியும்?” மர்ரே கல்லாப் பக்கம் திரும்புகிறார். “எங்க அம்மா கார்ல இந்தக் கேசட்தான் ஓடும்,” அவள் நிமிராமலே சொல்கிறாள். “பாட்டே அப்படித்தானே?”

மர்ரே தொப்பியைக் கழற்றுகிறார். க்ளெனிஸ் ஊசியைத் தூக்கி மறுபடி பாட்டின் தொடக்கத்தில் வைக்கிறார். இந்த முறை மூன்று பேரும் சேர்ந்தே முந்திக்கொள்கிறார்கள்.